ஓடாத வண்டிக்கு உழைக்கும் எஞ்சின் எதற்கு?

அமெரிக்காவில் நாற்பது ஐம்பது ஆண்டு பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கக் கிளம்புகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, டீசலாகப் பார்த்து வாங்கு என்பதுதான். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகும் அந்தக் கனத்த வண்டியைப் பெட்ரோல் எஞ்சின் தாங்காது, டீசல் என்றால் லட்சக்கணக்கான மைல் ஓடும், எரிபொருள் செலவு பாதியாகும், மலையேற்றத்தில் மூச்சு வாங்காது என்று காரணங்களும் கூடவே வரும். விற்கிறவரும் இதை நம்புகிறார், வாங்குகிறவரும் நம்புகிறார். ஆகவே ஒரே வயதுள்ள இரண்டு வண்டிகளில் டீசல் வண்டிக்குக் கூடுதல் விலை. இந்த நம்பிக்கை பொய்யில் பிறந்ததல்ல. லாரியும் பஸ்ஸும் ட்ராக்டரும் நிரூபித்துக் காட்டிய உண்மை அது. அந்த உண்மையை, அது பொருந்தாத ஒரு வண்டியின்மேல் ஏற்றி வைத்ததுதான் பிழை. வாங்குகிறவர் கைப்பணத்தோடு இந்தப் பிழை நிற்பதில்லை. பிழைத்திருக்க வேண்டிய நல்ல வண்டிகளும் இதனால் கவனிப்பாரற்று அழிகின்றன.

டீசல் எஞ்சின் ஏன் நீடித்து உழைக்கிறது? தீப்பொறி இல்லாமல், காற்றை அழுத்தும் வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் எஞ்சின் அது. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதன் பிளாக், கிராங்க், பேரிங் எல்லாவற்றையும் கனமாகச் செய்தாக வேண்டும். மெதுவாகச் சுழல்வதால் தேய்மானமும் குறைவு. ஆக, டீசலின் புகழ் தேய்மானத்தை வெல்லும் புகழ். நாள் தவறாமல் ஓடி, ஆண்டுக்கு ஒரு லட்சம் மைல் போகும் லாரிக்கு அதைவிட வேண்டியது வேறில்லை. மோட்டார் ஹோமின் வாழ்க்கை அப்படிப்பட்டதா? கோடையில் சில வாரம் ஓடும், மற்ற மாதங்களில் கொல்லையில் நிற்கும். ஆண்டுக்கு 4,000 மைல் ஓடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், நாற்பது ஆண்டில் 1,60,000 மைல்தான். ஒழுங்காக ஆயில் மாற்றிய ஒரு பெரிய பெட்ரோல் வி-8 எஞ்சினுக்கு அது எட்டாத தூரமல்ல, இடையில் ஒருமுறை பிரித்துச் செய்ய நேர்ந்தாலும் அது ஊர்ப் பட்டறையில் முடிகிற வேலை. உண்மையில் பழைய மோட்டார் ஹோம்களில் பெரும்பாலானவை அந்தத் தூரத்தில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. அவை தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று சாகின்றன. கூரையின் இணைப்பில் புகுந்த மழைநீர் மரச்சட்டத்தை உளுத்துப்போகச் செய்கிறது, தரைப்பலகை இற்றுவிடுகிறது, பிரேக் குழாய் துருப்பிடிக்கிறது, டயர் ஓடாமலே வெடிப்பு விடுகிறது, ரப்பர் ஹோஸ்கள் காய்ந்து பிளக்கின்றன. இவற்றில் எதையும் டீசல் எஞ்சினின் ஆயுள் தடுத்து நிறுத்துவதில்லை.

இதற்குச் சான்று வேண்டுமானால், இன்றும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளைப் பார்க்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை செய்த ஜி.எம்.சி. மோட்டார் ஹோம், பழைய வண்டிப் பிரியர்கள் இன்று மிகவும் விரும்பித் தேடுகிற ஒன்று. அதில் இருப்பது ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோ காரிலிருந்து அப்படியே எடுத்துவைத்த 455 கன அங்குலப் பெட்ரோல் எஞ்சின், கடைசி ஆண்டுகளில் அதைவிடச் சிறிய 403. ராணுவக் கவச வண்டிகளைச் செய்த எஃப்.எம்.சி. நிறுவனம் அதே எழுபதுகளில் கட்டிய மோட்டார் கோச்சின் பின்புறத்தில் கிறைஸ்லரின் 440 பெட்ரோல் எஞ்சின் இருந்தது. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் சார்ல்ஸ் குரால்ட் தம் ‘ஆன் த ரோட்’ நிகழ்ச்சிக்காக அமெரிக்கா முழுவதும் சுற்றிய வண்டிகளில் ஒன்று இந்த வகையைச் சேர்ந்தது. மிச்சிகனில் ரேமண்ட் ஃபிராங்க் தொடங்கிவைத்த டிராவ்கோ வகை வண்டிகளும் டாட்ஜின் பெட்ரோல் எஞ்சினில் ஓடியவைதான். இவற்றைப் பிழைக்கவைத்தது எஞ்சின் அல்ல, உடல். ஜி.எம்.சி.யின் உடல் அலுமினியச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடும் ஃபைபர் கிளாஸும் போர்த்தியது. டிராவ்கோவுக்கும் எஃப்.எம்.சி.க்கும் ஃபைபர் கிளாஸ் உடல்.

அந்தக் காலத்தில் எல்லா மோட்டார் ஹோமும் பெட்ரோல்தானே, மிஞ்சியதும் பெட்ரோலாகத்தானே இருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெட்ரோல் வண்டிகளுக்குள்ளேயே எவை மிஞ்சின, எவை அழிந்தன என்று பிரித்துப் பார்த்தால் விடை தெளிவாகிவிடும். அதே கிறைஸ்லர் 440 எஞ்சினை வைத்து, டாட்ஜ் அடிச்சட்டத்தின்மேல் மரச்சட்டம் அடித்துக் கட்டிய வண்டிகள் எத்தனையோ அன்று விற்பனையாயின. அவை ஒழுகி, உளுத்து, உடைப்பு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, உள்ளே இருந்த எஞ்சினைக் கழற்றி வேறு வண்டிக்குப் பொருத்தினார்கள். எஞ்சின் பிழைத்தது, வீடுதான் விழுந்தது.

டீசல் பற்றிய பேச்சில் இன்னொரு பெரிய மயக்கம், எல்லா டீசலையும் ஒன்றாகப் பார்ப்பது. புகழ் முழுவதும் கம்மின்ஸ் 6பிடி போன்ற எஞ்சின்கள் ஈட்டியது. 5.9 லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், டர்போ. ட்ராக்டரிலும் சரக்கு வண்டியிலும் உழைத்துக் காட்டிவிட்டு, 1989-இல் டாட்ஜ் பிக்கப்புக்கு வந்து பெயரெடுத்த எஞ்சின். அந்தப் பெயரின் நிழலில் என்னென்னவோ விற்பனையாகின்றன. வின்னபேகோ 1983-இல் கொண்டுவந்த லெஷாரோ என்ற சிறிய மோட்டார் ஹோமில் ரெனோவின் 2.1 லிட்டர் டர்போ டீசல் இருந்தது. நல்ல மைலேஜ் தந்தது, உண்மை. ஆனால் ரெனோ 1987-இல் அமெரிக்கன் மோட்டார்ஸைக் கிறைஸ்லரிடம் விற்றுவிட்டு அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. அதன்பின் அந்த எஞ்சினுக்கு உதிரிபாகம் தேடுவதே ஒரு தொழிலாகிவிட்டது. ஃபோல்க்ஸ்வாகன் வானகனில் 1982 வாக்கில் அமெரிக்காவுக்கு வந்த 1.6 லிட்டர் டீசலின் சக்தி ஐம்பது குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. ஃபோர்டு வண்டிகளில் வந்த இன்டர்நேஷனல் நிறுவனத்தின் 6.9, 7.3 லிட்டர் டீசல்கள் வலுவானவை, நான் மறுக்கவில்லை. ஆனால் ரேடியேட்டர் நீரில் உரிய மருந்தை அளவு பார்த்துச் சேர்க்காவிட்டால், சிலிண்டர் சுவரின் வெளிப்புறத்தில் நுண்குமிழ்கள் உடைந்து உடைந்து இரும்பையே அரித்து ஓட்டை போட்டுவிடும், அதுவும் துளை அகலப்படுத்தப்பட்ட 7.3-இல் சுவர் இன்னும் மெலிது. மூன்று நான்கு கை மாறி வந்த வண்டியில் முன்னிருந்தவர்கள் அந்த மருந்தைச் சேர்த்தார்களா என்று யார் சொல்வது? ஓல்ட்ஸ்மொபில் 1978 முதல் 1985 வரை விற்ற 5.7 லிட்டர் டீசல் காரெஞ்சினின் கதையை அமெரிக்கர்கள் மறந்திருக்கக் கூடாது. டீசலின் அழுத்தத்துக்குப் போதாத ஹெட் போல்ட்டுகள், எரிபொருளில் கலந்த நீரைப் பிரிக்கும் வடிகட்டி இல்லாத குறை, இவற்றால் அது ஒரு தலைமுறையையே டீசலிலிருந்து விரட்டியடித்தது.

மலையேற்றம் பற்றிய வாதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் இழுப்பது டீசல் என்று சொல்கிறவர்கள் மனதில் வைத்திருப்பது டர்போ பொருத்திய எஞ்சினை. டர்போ இல்லாத பழைய டீசலின் நிலை வேறு. ஷெவ்ரொலே பி-30 அடிச்சட்டத்தில் 454 கன அங்குலப் பெட்ரோல் எஞ்சினும் வந்தது, 1982-இல் அறிமுகமான 6.2 லிட்டர் டீசலும் வந்தது. அந்த டீசலின் சக்தி 130 குதிரைத்திறனை ஒட்டியது, 454-இன் சக்தி 200-க்கு மேல். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹவர் சுரங்கத்தை 11,000 அடிக்கு மேல் உயரத்தில் கடக்கிறது. அங்கே காற்று மெலிந்துவிடுவதால் டர்போ இல்லாத எஞ்சின் எதுவானாலும் சக்தி இழக்கும். டீசலானால் எரியாத எண்ணெயைக் கரும்புகையாகக் கக்கிக்கொண்டு ஊரும். இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்று வழி அடைபட்டு, உள்ளே வெற்றிடம் உண்டாகி, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பழைய டீசலில் அப்படி அடைக்கும் தட்டே இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் தனியாகப் பொருத்தியிராவிட்டால், ஐந்தாறு டன் வண்டியை நீண்ட இறக்கத்தில் தடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் சக்கர பிரேக்கின் தலையில்தான் விழும். ஏறும்போது பின்னால் நாலு கார் காத்திருப்பது சங்கடம், இறங்கும்போது பிரேக் கருகினால் உயிர் போகும்.

நின்றே கிடக்கும் வண்டி என்ற இடத்துக்கு மறுபடியும் வருகிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பின் வலுவான வாதமும் அங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் கெட்டுப்போகும், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரையும் கார்புரேட்டரையும் கெடுக்கும் என்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் நின்றுகிடக்கும் டீசலும் கெடுகிறது. டேங்கில் சேரும் ஈரத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து சளிபோல் படிந்து வடிகட்டியை அடைக்கின்றன. அதைவிட முக்கியம், டீசல் பம்ப்புக்குள் இருக்கும் பாகங்களுக்கிடையே மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளி, அவற்றுக்கு மசகும் அந்த டீசலேதான். 1993-இல் கந்தகம் குறைத்த டீசல் அமெரிக்கச் சாலைகளுக்கு வந்தபோது பழைய பம்ப்புகளின் சீல்கள் சுருங்கி ஒழுகத் தொடங்கின. 2006-இல் கந்தகம் இன்னும் குறைந்தது. கார்புரேட்டர் கெட்டால் ஒரு ரிப்பேர் கிட்டும் ஒரு பிற்பகலும் போதும், கைப்பழக்கமுள்ள யாரும் செய்துவிடலாம். டீசல் பம்ப் கெட்டால் அதைச் சோதனை மேடையில் ஏற்றி அளவு வைக்கத் தெரிந்த பட்டறை வேண்டும், அப்படிப்பட்ட பட்டறைகள் அருகிவருகின்றன. 454-க்கும் ஃபோர்டின் 460 பெட்ரோல் எஞ்சினுக்கும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் பாகம் கிடைக்கும், ஏனென்றால் அவை லட்சக்கணக்கான கார்களிலும் பிக்கப்புகளிலும் ஓடியவை. நடுவழியில் நிற்கிறவருக்கு, எஞ்சின் எத்தனை லட்சம் மைல் ஓடியிருக்கக் கூடும் என்பதைவிட, நாளைக் காலை அதற்குப் பாகம் கிடைக்குமா என்பதுதான் வேண்டியது.

செலவுக் கணக்கையும் போட்டுவிடலாம். பெட்ரோல் வண்டி கேலனுக்கு 8 மைல், டீசல் 12 மைல் என்று டீசலுக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். 4,000 மைலுக்குப் பெட்ரோல் 500 கேலன், டீசல் 333 கேலன். அமெரிக்காவில் டீசலுக்கு மத்திய வரி கேலனுக்கு 24.4 சென்ட், பெட்ரோலுக்கு 18.4 சென்ட். கடந்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலான காலம் டீசல்தான் விலை கூடுதல். பெட்ரோல் மூன்றரை டாலர், டீசல் நான்கு டாலர் என்று கொண்டால் ஆண்டு மிச்சம் நானூறு டாலரைச் சற்றே தாண்டும். ஏறக்குறைய இரட்டிப்பு ஆயில், எரிபொருள் வடிகட்டிகள், பெரிய பேட்டரிகள், ஒரே ஒருமுறை பம்ப்பும் இன்ஜெக்டர்களும் செப்பனிடும் செலவு, வாங்கும்போதே கொடுத்த கூடுதல் விலை எல்லாவற்றையும் அதில் கழித்துப் பார்த்தால், மிச்சம் வர எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று அவரவரே எண்ணிக்கொள்ளலாம்.

டீசலுக்கு உரிய இடத்தை நான் மறுக்கவில்லை. வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஆண்டுக்கு இருபதாயிரம் மைல் ஓடுகிறவருக்கு, பத்து டன்னுக்கு மேற்பட்ட பின்-எஞ்சின் கோச்சை ஓட்டுகிறவருக்கு, கம்மின்ஸோ டெட்ராய்ட் டீசலோ சரியான துணை. தீப்பற்றும் அபாயத்திலும் டீசல் மேல். பெட்ரோலின் ஆவி உறைபனிக் குளிரிலும் பற்றும், டீசல் ஐம்பது டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாண்டினால்தான் பற்றும். காய்ந்த பெட்ரோல் ஹோஸ் ஒன்று சூடான வி-8 எஞ்சினின்மேல் கசிந்து வண்டி எரிந்த சம்பவங்கள் உண்டு. அதற்குப் பரிகாரம் ஹோஸ்களை மாற்றுவது, எஞ்சின் அறையில் தீயணைப்பான் வைப்பது. எரிவாயு அடுப்பும் எரிவாயுவில் ஓடும் குளிர்ப்பெட்டியும் பழைய மின்கம்பிகளும் டீசல் வண்டிக்குள்ளும்தான் இருக்கின்றன.

இந்த நம்பிக்கை செய்யும் கொடுமைகளில் கடைசியானது, நல்ல பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசலைப் பொருத்தும் வேலை. ஓல்ட்ஸ்மொபில் 455-இன் எடை 300 கிலோவுக்குள், கம்மின்ஸ் 6பிடியின் எடை 500 கிலோ. முன்சக்கரத்தால் இழுக்கும் ஒரு வண்டியின் மூக்கில் இருநூறு கிலோவைக் கூட்டினால் ஸ்பிரிங், பிரேக், டயர், ஸ்டியரிங் அத்தனையும் வேறு கணக்காகிவிடும். தொழிற்சாலை வரைந்த கையேடு அதன்பின் பயன்படாது. மாற்றிப் பொருத்தியவர் தவிர வேறு எந்த மெக்கானிக்கும் அதைத் தொடத் தயங்குவார். அந்த வேலைக்குக் கொட்டும் பணத்தில் கூரையை முழுதாகப் பிரித்து ஒழுக்கை அடைக்கலாம், பிரேக் குழாய்களையும் ஹோஸ்களையும் மாற்றலாம், ஆறு டயரும் புதிதாகப் போடலாம், இருக்கிற 455-ஐயே பிரித்துச் சீராக்கலாம். வாங்கப் போகிறவர் எஞ்சின் மூடியைத் திறக்குமுன் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறட்டும், தரைவிரிப்பைத் தூக்கிப் பலகையைக் காலால் அழுத்திப் பார்க்கட்டும், சுவரோரம் நீர்க்கறை தேடட்டும். அதிலெல்லாம் தேறிய வண்டியில் இருப்பது பெட்ரோலா டீசலா என்பது பேரம் பேசுகிற வேளையில் கேட்டால் போதும்.