எந்த ஊர் இலை, அண்ணாச்சி?

தூத்துக்குடிக்காரரிடம் பழைய மீனை விற்றுவிட முடியாது. சீலாவின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘நேத்து மீன்லா இது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மக்ரூனில் முந்திரி குறைந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். அதே ஆள் மளிகைக் கடையில், ‘டீத்தூள் ஒண்ணு குடுங்க’ என்கிறார். எந்த ஊர்த் தேயிலை, இலையா தூளா, எப்போது பாக்கெட் போட்டது? கேள்வியே கிடையாது!

இது இந்த ஊருக்கு அழகா? 1914-ல் பாம்பன் பாலம் திறக்கும்வரை போட் மெயில் பயணிகள் கொழும்புக்குக் கப்பல் ஏறியது இங்கேதான். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்த வழிக்காகத்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்களில் பலரை வழியனுப்பிய துறைமுகம், டீயைப் பற்றி ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?

‘இனிமேல் நல்ல டீ’ என்று முடிவெடுக்கிறவர்களும் என்ன செய்கிறார்கள்? முதலில் கண்ணாடிக் கெட்டில், தெர்மாமீட்டர். அப்புறம் எடை குறையும் என்று நம்பி ஒரு கிரீன் டீ டப்பா. கசக்கிறது. ஒரே வாரத்தில் எல்லாம் பரண்மேல்!

வேண்டாம் சாமி. மூடி போட்ட ஒரு பாத்திரம், எவர்சில்வர் வடிகட்டி. போதும். காசைத் தேயிலையில் போடுங்கள். ‘ஆர்த்தடாக்ஸ்’ என்று கேட்டு, நீலகிரி இலைத் தேயிலை 100 கிராம் மட்டும் வாங்குங்கள். நாம் வழக்கமாக வாங்கும் சி.டி.சி., இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கியது. பாலோடு கொதிக்க அது சரி. பாலில்லாமல் ருசி பார்க்க இலைதான். டம்ளருக்கு 2 கிராம், அதாவது குவித்த ஒரு டீஸ்பூன். தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, 3 நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். கிரீன் டீ என்றால் தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள், கசப்பு குறையும். உப்பு போர் தண்ணீர் மட்டும் ஆகாது. அதில் எந்த டீயும் தேறாது.

காமர்ஸ் படித்தவன் கணக்கு இது: 100 கிராமில் 50 டம்ளர். 200 ரூபாய் கொடுத்து வாங்கினாலும் டம்ளருக்கு 4 ரூபாய். இதுவா பணக்காரப் பழக்கம்?

‘ஸ்ட்ராங்கா, கலரா இருக்கணும்’. இதுதான் நாம் கேட்கிற ஒரே தரம். கலர் கேட்டால் சாயம் கலந்து தரவும் ஆள் இருக்கிறது. ஈர வடிதாளில் தூளைத் தூவிப் பாருங்கள். உடனே நிறம் ஓடினால் உஷார்!

நமக்குக் கலர் போதுமென்றால் ஃபேக்டரிக்கு நல்ல கொழுந்து எதற்கு? இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பார்த்துப் பறிக்கிறவருக்கு என்ன மரியாதை? ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். அந்தப் பச்சை இலைக்குக் கிலோ 33 ரூபாய் 50 காசு கேட்டுத்தான் 2023-ல் நீலகிரிச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். வாங்குகிறவன் தரம் கேட்காத பொருளில், விளைவிக்கிறவன் விலை கேட்டால் யார் காதில் விழும்?

இந்த மாசம் கடையில், ‘எந்த ஊர் இலை, அண்ணாச்சி?’ என்று கேளுங்கள். அண்ணாச்சி முழிப்பார். பத்துப் பேர் கேட்டால், சரக்குப் போடுகிறவரிடம் அவரே கேட்பார்.