“எனக்கு ஒன்றுமில்லை!”

2014 ஜூலை 13. பிரேசிலின் மரக்கானா அரங்கில் உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனி ஆட்டக்காரர் கிறிஸ்டோப் கிராமரின் முகத்தில் எதிரணி வீரர் ஒருவரின் தோள் பலமாக மோதியது. விழுந்தவர் எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். பிறகு நடுவரிடம் சென்று, இது இறுதியாட்டம்தானா என்று கேட்டார். நடுவர் முதலில் அதைக் கேலிப் பேச்சு என்றே நினைத்தார். 31ஆம் நிமிடத்தில்தான் கிராமர் திடலைவிட்டு வெளியேறினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்திலேயே ஒருவர் தலையில் அடிபட்ட நிலையில் கால் மணி நேரம் ஓட முடிந்தது. அப்படியானால், பள்ளித் திடலில் மாலைப் பயிற்சியின்போது அடிபடும் மாணவரை யார் கவனிப்பது?

தலையிலோ உடலிலோ ஏற்படும் பலமான மோதல், மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளையைக் குலுக்கிவிடுகிறது. இதையே மூளை அதிர்ச்சி என்கிறோம். இரத்தம் வராது, வீக்கமும் தெரியாது. மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மயக்கமடைவதே இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கண்கூச்சம், தடுமாறும் நடை, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது ஆகியவையே இதன் அறிகுறிகள். சில அறிகுறிகள் மறுநாள்தான் தலைகாட்டும். 2019இல் லார்ட்ஸ் திடலில் கழுத்தில் பந்து தாக்கிய ஸ்டீவ் ஸ்மித், சோதனைகளில் தேறி மீண்டும் மட்டை பிடித்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கின.

ஆகவே, “எனக்கு ஒன்றுமில்லை, நான் ஆடுகிறேன்” என்று அடிபட்டவர் சொல்வதை அப்படியே ஏற்கக் கூடாது. அவர் பொய் சொல்கிறார் என்பதன்று. தம் நிலையை எடைபோட வேண்டிய மூளையே அடிபட்டிருக்கிறது. பழுதான தராசையே அதன் பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லலாமா?

கனடாவின் ஒட்டாவா நகரைச் சேர்ந்த ரோவன் ஸ்டிரிங்கருக்கு 17 வயது. பள்ளியின் பெண்கள் ரக்பி அணிக்கு அவர்தான் தலைவி. 2013 மே மாதத்தில், ஒரு வாரத்துக்குள் நடந்த ஆட்டங்களில் அவருக்கு மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டது. மூளை அதிர்ச்சியாக இருக்குமோ என்ற ஐயம் அவருக்கே எழுந்தது. இணையத்தில் தேடிப் பார்த்தார், தோழியரிடமும் சொன்னார். பெற்றோருக்கும் பயிற்றுநருக்கும் அது தெரியவில்லை. அடுத்த ஆட்டத்திலும் இறங்கினார். முதற்காயம் ஆறுவதற்குள் மீண்டும் விழுந்த அடி மூளையை வீங்கச் செய்தது. சில நாள்களில் அவர் இறந்தார். 2018இல் ஒண்டாரியோ மாநிலம் அவர் பெயராலேயே ஒரு சட்டத்தை இயற்றியது. 26 வயதுக்குட்பட்ட விளையாட்டாளர்களும், சிறுவர்களின் பெற்றோரும், பயிற்றுநர்களும் மூளை அதிர்ச்சி பற்றி ஆண்டுதோறும் படித்தறிய வேண்டும் என்கிறது அச்சட்டம்.

தோழியர்மீது குற்றமில்லை. அதன் கடுமையை யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. ஆனால், இத்தகைய செய்தி ஆசிரியரைவிடத் தோழர்களுக்கே முதலில் எட்டுகிறது என்பதை மறுக்க முடியாது. அதைப் பயிற்றுநரிடம் தெரிவிப்பதைக் ‘கோள் சொல்வது’ என்று மாணவர்கள் தயங்குகின்றனர். அணித்தலைவர் வெளியேறினால் கிண்ணம் கைநழுவுமே என்ற கவலையும் உண்டு. அது நியாயமான கவலைதான். எனினும், பத்துப் பேருடன் ஆடித் தோற்ற அணி அடுத்த ஆண்டு மீண்டும் ஆடலாம்.

தலைக்கவசத்தை மட்டும் நம்புவதும் தவறு. அது மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுமையாகத் தடுக்காது. ரக்பியில் எதிரியை மடக்கும்போது தலையை எப்பக்கம் வைப்பது என்பதை முறையாகப் பழகுவதே கூடுதல் பயன் தரும்.

ஐயம் எழுந்தவுடன் ஆட்டக்காரரை வெளியே அழைத்துவர வேண்டும். அன்று அவர் மீண்டும் இறங்கக் கூடாது. முதல் சில மணி நேரம் அவரைத் தனியே விடவும் கூடாது. தொடர் வாந்தி, வலிப்பு, கடுமையாகும் தலைவலி, கூடிக்கொண்டே போகும் தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவ வண்டியை அழைக்க வேண்டும். மற்றவர்களுக்கு முதல் ஓரிரு நாள்கள் ஓய்வு தேவை. மெதுவாக நடக்கலாம், கைப்பேசித் திரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வகுப்பறை, அதன்பின் இலகுவான ஓட்டம், பயிற்சி, இறுதியில் மருத்துவர் ஒப்புதலுடன் போட்டி. அதுவரை அணிச்சட்டையோடு திடலோரம் அமர்ந்து, நண்பர்களுக்குத் தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துக் கொடுக்கலாம்.