பிள்ளைகள் பார்க்க ஒரு சமாதானம்



சில வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் கூடத்தில் சொப்புச் சாமான்களைப் பரப்பி வைத்து அப்பா அம்மா விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள். திடீரென்று இரண்டு பொம்மைகளுக்கும் சண்டை வந்துவிட்டது. "உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றது அம்மா பொம்மை. வார்த்தையும் குரலும் என்னுடையவை. அப்பா பொம்மையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சொப்புகளை எடுத்துப் பெட்டியில் போட ஆரம்பித்தாள்.

"அப்புறம் என்னடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"தூங்கி எழுந்தா சரியாயிடும்மா" என்றாள்.

அவள் பார்த்ததைத்தான் சொன்னாள். என் கணவரும் நானும் அவள் எதிரில் முகம் சுளித்திருக்கிறோம், குரல் உயர்த்தியிருக்கிறோம். அவள் தூங்கிய பிறகுதான் மனம்விட்டுப் பேசி ராசியாகியிருக்கிறோம். காலையில் எதுவுமே நடக்காததுபோல் காபி குடித்திருக்கிறோம். சண்டை எப்படித் தொடங்கும் என்பது அவளுக்கு அத்துபடி. எப்படி முடிப்பது என்பதை நாங்கள் காட்டவே இல்லை.

திருக்குறளின் அதிகார வரிசையைக் கவனித்திருப்பீர்கள். ஐந்தாவது இல்வாழ்க்கை, ஆறாவது வாழ்க்கைத் துணைநலம், ஏழாவது மக்கட்பேறு. துணையைப் பற்றிப் பேசிய பிறகே வள்ளுவர் பிள்ளைகளிடம் வருகிறார். 133 அதிகாரங்களில் கடைசியாக அவர் வைத்தது ஊடலுவகை. பிணங்குவதும் இணங்குவதும் இல்லறத்தின் இயல்பு என்பதை அறிந்தவர் அவர்.

பிள்ளை வளர்ப்பு பற்றி வாசகர்களிடமிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் படிப்பு, செல்போன், பிடிவாதம் என்று பல கவலைகள் இருக்கும். அந்தப் பிள்ளையைச் சுற்றி இருக்கும் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது பெரும்பாலான கடிதங்களில் இருக்காது. ஆனால் குழந்தை காலை முதல் இரவு வரை படிக்கும் பாடம் அதுதான்.

அமெரிக்காவின் நாட்டர்டாம் பல்கலைக்கழக உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ், பெற்றோர் சண்டை குழந்தைகளை என்ன செய்கிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தீராத சண்டை குழந்தையைப் பதற்றத்தில் வைக்கிறது. அதே சண்டை சமாதானத்தில் முடிவதைக் கண்டால் அந்தப் பதற்றம் பெரிதும் தணிந்துவிடுகிறது. அறைக்குள் பேசித் தீர்த்துக்கொண்டாலும், 'நாங்க பேசிட்டோம், சரியாயிடுச்சு' என்று பிள்ளையிடம் சொன்னால் அதற்கும் பலன் உண்டு என்கின்றன அவரது ஆய்வுகள்.

இன்னொரு உளவியலாளர் எட்வர்ட் டிரானிக். 1970களில் அவர் நடத்திய சோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் சில நிமிடங்கள் எந்த உணர்ச்சியும் காட்டாமல் கல்போல முகத்தை வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், கடைசியில் அழுதுவிடும். பேச்சு வராத வயதிலேயே மௌனம் அப்படி வலிக்கிறது. நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கணவரும் நானும் பழகிக்கொண்ட சில வழக்கங்களைச் சொல்கிறேன்.

பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். "சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு", "சட்டை எங்கேன்னு உங்கம்மாகிட்ட கேளு" என்று ஒரே கூடத்தில் இருந்துகொண்டு சொல்லும்போது, அந்தக் குழந்தை இரண்டு பேருடைய கோபத்தையும் சுமந்து நடக்கிறது.

குறையைச் சொல்லுங்கள், ஆளைக் குறை சொல்லாதீர்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்பது ஆளையே தள்ளிவிடும். "லேட்டாகும்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றால் பதில் சொல்ல வழி இருக்கும். "உங்க வீட்டு ஆளுங்களே இப்படித்தான்" என்பது வேண்டவே வேண்டாம். அந்த ஆளுங்க உங்கள் பிள்ளைக்குத் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா.

கோபம் தலைக்கு ஏறினால் எழுந்து போங்கள், ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள். "அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று சொன்னால், சொன்ன நேரத்தில் திரும்பி வந்து பேசுங்கள்.

சண்டை பிள்ளையின் எதிரில் நடந்திருந்தால், மன்னிப்பும் அதே இடத்தில் நடக்கட்டும். "காலைல கத்திட்டேன், என் மேலதான் தப்பு" என்ற ஒரு வரி போதும். பிள்ளையைக் காரணமில்லாமல் திட்டியிருந்தால் பிள்ளையிடமும் அதைச் சொல்லுங்கள். பெற்றவர்களின் மரியாதை இதனால் குறைவதில்லை. தப்பு செய்தால் ஒப்புக்கொள்ளலாம், ஒப்புக்கொண்ட பிறகும் அன்பு இருக்கும் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அடி, உதை, மிரட்டல் இருக்கும் இடத்தில் இந்த அறிவுரை எதுவும் பொருந்தாது. அது குடும்பச் சண்டை அல்ல, வன்முறை. பொறுத்துப் போகாதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098.

மற்ற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமும் சின்னதாக ஏதோ ஒரு பிணக்கு வரத்தான் செய்யும். அது தீரும்போது கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். "கோவம் போயிடுச்சா? வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று நீங்கள் சொல்வது உங்கள் பிள்ளையின் காதிலும் விழட்டும். நாளை அவர்களும் ஒரு குடும்பம் நடத்தப் போகிறார்கள். எப்படிச் சமாதானமாவது என்பதை நம் வீட்டில் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்