டிராக் டே போக ஆசையா? 'பவர்' ஏற்றும் முன் பிரேக்கைப் பாருங்க... எந்த கார் வாங்கலாம், எதை மாற்றலாம்?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயம், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த அஜித்குமார் அணி... இந்த இரண்டுக்கும் பிறகு "நாமும் ஒருநாள் டிராக்கில் ஓட்டிப் பார்க்கணும்" என்று சொல்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

அதற்கு இடமும் இருக்கிறது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீள ஓடுதளம். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தயம் இல்லாத சில நாட்களில், கட்டணம் செலுத்தி சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கிறார்கள். இதுதான் டிராக் டே. பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. யாரையும் முந்த வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி, எந்த காரை எடுத்துக்கொண்டு போவது என்பதுதான்.

குறைந்த எடை, குறைந்த செலவு

டிராக் என்றதும் பலருக்கும் குதிரைத்திறன்தான் ஞாபகம் வரும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது எடை. எடை குறைந்தால் பிரேக் சூடாவது குறையும், டயர் தேய்வது குறையும், வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்கும்.

அந்தக் கணக்கில் செகண்ட் ஹேண்ட் மாருதி ஸ்விஃப்ட் நல்ல தேர்வு. 2005-ல் அறிமுகமான முதல் தலைமுறை ஸ்விஃப்ட்டில் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சுமார் 87 குதிரைத்திறன். 2018-ல் வந்த மாடலோ 900 கிலோவைக்கூடத் தொடாது. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் இந்த கார் அத்துப்படி. டிராக்கில் ஏதாவது உடைந்தால் அதன் அருமை புரியும். ஒன்றை மறைக்கக் கூடாது: அந்த 2018 மாடல், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வாங்கியது இரண்டே ஸ்டார்.

கொஞ்சம் கூடுதல் பட்ஜெட் இருந்தால் ஃபோக்ஸ்வாகன் போலோ டிஎஸ்ஐ. 2022-ல் இந்தியத் தயாரிப்பு நின்றுவிட்டதால் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். 120 குதிரைத்திறன் கொண்ட ஹூண்டாய் ஐ20 என் லைன், டாடா அல்ட்ராஸ் ரேசர் நேர்ப்பாதையில் வேகமானவைதான். ஆனால் எடை அதிகம். போதாக்குறைக்கு டர்போ இன்ஜின்: சென்னை வெயிலில் உள்ளே போகும் காற்றே கொதிக்கும்போது, சில சுற்றுகளுக்குப் பிறகு இழுவை குறையும்.

பழைய கார் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய கார்கள் பலவும் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. பெட்ரோல் ஹோஸ், ரப்பர் பாகங்களை முதலில் சோதித்து மாற்றிவிடுங்கள். சூடேறிய இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 15 ஆண்டு முடிந்த கார் என்றால் ஆர்.சி. புதுப்பிப்பு, பசுமை வரி செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

முதல் காசு எதற்கு?

பிரேக்குக்கு. வேகம் இரண்டு மடங்கானால், காரை நிறுத்த பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். அந்தச் சக்தி முழுக்க வெப்பமாக மாறும். ஊருக்குள் ஓட்டும்போது டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். டிராக்கில் அடுத்த வளைவு சில நொடிகளிலேயே வந்துவிடும்.

இங்கேதான் பிரேக் ஆயில் காலை வாருகிறது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்து குமிழி வந்துவிட்டால், பெடலை மிதித்தால் தரை வரை போகும், கார் நிற்காது. அதுவரை எந்த அறிகுறியும் தெரியாமலும் இருக்கலாம்.

எனவே டிராக் டேக்கு முன் புது பிரேக் ஆயில், சூட்டைத் தாங்கும் நல்ல பேட். மொத்தப் பட்டியலிலேயே மலிவான மாற்றம் இதுதான். அதிகம் பேர் தவறவிடுவதும் இதைத்தான்!

அடுத்து டயர். அகலம் கூட்ட வேண்டாம், கம்பெனி சொன்ன அதே சைஸில் நல்ல பிடிமானம் உள்ளதாக வாங்கினால் போதும். ஓடும்போது சூட்டில் காற்றழுத்தம் ஏறும், ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் சரிபார்க்க வேண்டும். இன்ஜினில் ஆயில் முழு அளவு இருக்கட்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும்போது, அளவு குறைவாக இருந்தால் இன்ஜினுக்கே ஆபத்து. கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸும் பாருங்கள்.

சத்தமான சைலன்சர்? டர்போ இல்லாத சின்ன இன்ஜினில் அது கூட்டுவது பெரும்பாலும் சத்தத்தைத்தான். ஸ்பிரிங்கை வெட்டி காரைத் தாழ்த்துவது இன்னும் மோசம், பள்ளத்தில் ஸ்பிரிங் இடம் விட்டு நகர்ந்தால் கார் கையை விட்டுப் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

டிராக்கில் ஓட்டுவது தவறல்ல. ஆனால் அங்கே போக அதே காரைத்தான் சாலையில் ஓட்டிச் செல்ல வேண்டும், சிக்கல் அங்கேதான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பேட், பிரேக் ஆயில், அதே சைஸ் டயர் மாற்றுவது வழக்கமான பராமரிப்பு. இன்ஜினை மாற்றுவது அப்படியல்ல.

இன்னொரு அதிர்ச்சி, இன்சூரன்ஸ். வழக்கமான கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் கவரேஜ் கிடையாது என்று எழுதியே இருக்கும். டிராக்கில் சுவரில் மோதினால் மொத்தச் செலவும் உங்கள் தலையில். கடன் வாங்கிய புதுக் காரை எடுத்துப்போவதற்கு முன் இதை யோசிக்கணும்.

உயிருக்கும் இதே கேள்விதான். துபாய் பயிற்சியில் தடுப்பில் மோதிச் சுழன்ற காரிலிருந்து அஜித் இறங்கி நடந்துவந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த காருக்குள் இரும்புக்குழாய்க் கூண்டும் பந்தய பெல்ட்டும் இருந்தன. உங்கள் ஸ்விஃப்ட்டில் அவை இல்லை. அத்தனை ஏற்பாடு இருந்தும், 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டை தேசியப் பந்தயத்தில் மூத்த ஓட்டுநர் கே.இ.குமார் விபத்தில் உயிரிழந்தார்.

அன்றைக்கு என்ன செய்யணும்?

ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், மேட் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு பாட்டில் உருண்டு போனால் போதும். முழுமுக ஹெல்மெட், பருத்தி உடை. முதல் சுற்று மெதுவாக, பிறகு மூன்று நான்கு சுற்று வேகமாக, கடைசிச் சுற்று பிரேக்கை அதிகம் தொடாமல் ஆறவிட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள், அல்லது சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

கிளம்பும் முன் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, டயரில் வெடிப்பு உண்டா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். அதே காரில்தான், லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் வீடு திரும்ப வேண்டும்.