பிறவியிலேயே காவல் வேண்டும்

மாமல்லபுரத்துக் குடைவரை மண்டபங்களின் தூண்கள் வெளியிலிருந்து கொணர்ந்து நிறுத்தப்பட்டவையல்ல. பாறையைக் குடையும்போதே, பாரம் தாங்க வேண்டிய இடத்தில் கல்லை விட்டுவைத்துக் குடைந்தார்கள். குடைந்து முடித்த பின்னர்த் தூணின் நினைவு வந்து பயன் யாது? இணையச் செயலிகளின் பாதுகாப்பும் இத்தகையதே என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இன்று செங்கற்பட்டுக் குடியானவர் தம் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்தின் வழியாகப் பெறலாம். அவர் காண்பது ஒரே பக்கம். இத்தகைய சேவைகளின் பின்னே பல கணினிகள் ஒன்றையொன்று கேட்டு விடை பெறுகின்றன. கேட்பவர் யார், அவருக்கு அதிகாரம் உண்டா என்று வினவாமல் அவற்றுள் ஒன்று கதவைத் திறந்துவிடுமாயின், ஏனையவை பூட்டியிருந்தும் என்ன பிரயோஜனம்?

அனுமதி அளிக்கப்பட்டாலன்றி யாவும் மறுக்கப்படுக என்னும் விதியை 1975-ஆம் ஆண்டிலேயே சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வற்புறுத்தினர். அதைப் புறக்கணித்ததன் பலனை 2017 ஜனவரியில் உலகம் கண்டது. மாங்கோடிபி என்னும் மென்பொருளில் கடவுச்சொல்லின்றித் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான தரவுத்தளங்களைக் கயவர் அழித்துவிட்டுப் பணம் கேட்டனர். பூட்டு அதில் இல்லாமலில்லை. வேண்டுவோர் பூட்டிக்கொள்ளலாம் என்று விடப்பட்டிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் வந்த 3.6-ஆம் பதிப்போ, உரியவர் திறந்தாலன்றித் தன் கணினிக்கு வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்பதில்லை. இம்மாறுதல் முன்னரே வந்திருக்கலாகாதா?

செலவும் தாமதமும் மிகும் என்பர் சிலர். ஒவ்வொருவரும் தனித்தனியே பூட்டுத் தேடுவதைவிட, அடித்தளத்திலேயே ஒருமுறை அமைப்பது சிக்கனமன்றோ? 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க காவல் செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்துள்ளது. நன்றே, ஆயினும் வெளிப்பட்ட இரகசியத்தை எந்த அபராதமும் மீட்டுத் தராது.

சிறுசேரியிலும் பரனூரிலும் நம் இளைஞர்கள் அயல்நாட்டு ஸ்தாபனங்களின் கடும் நிபந்தனைகளுக்கு இணங்க மென்பொருள் இயற்றித் தருகின்றனர். அந்நிபந்தனைகள் நம் ஜனங்களின் நிலத்துக்கும் மானத்துக்கும் வேண்டாவோ? கணினிகளுக்கிடையே செல்லும் செய்தி யாவும் மறைகுறியாக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கணினியும் மற்றதன் அடையாளத்தைச் சோதிக்க வேண்டும். திறக்கப்படாத கதவு மூடியே இருக்க வேண்டும். இம்மூன்றையும் சர்க்கார் தன் டெண்டர் ஒவ்வொன்றிலும் தவிர்க்கலாகாத நிபந்தனையாக்க வேண்டுமென வற்புறுத்துகிறோம்.