தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் ₹5,000 அபராதம்: பெங்களூரு உத்தரவு சொல்வது என்ன, சொல்லாமல் விட்டது என்ன?

மார்ச் மாதம் வந்தால் பெங்களூருவில் இரண்டு விஷயங்கள் கூடவே வரும். ஒன்று வெயில், இன்னொன்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் தண்ணீர் அறிவிப்பு. "காலை 7 முதல் 9 வரை மட்டும் சப்ளை", "டேங்கர் வர லேட் ஆகும்", "கார் கழுவ வேண்டாம்" என்று மெசேஜ்கள் வரிசை கட்டும். அந்த நேரத்திலும் கீழே நுழைவாயில் பக்கத்துப் புல்வெளியில் ஸ்பிரிங்க்ளர் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

இந்த முரண்பாட்டைக் குறிவைத்துதான் பெங்களூரு குடிநீர் வாரியம் 2024 மார்ச்சில் ஓர் உத்தரவு போட்டது. தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் அபராதம். ஆனால், இந்தத் தடை மட்டும் பிரச்னையைத் தீர்த்துவிடுமா?

உத்தரவில் என்ன இருக்கிறது?

2023-ல் பருவமழை பொய்த்தது. 2024 மார்ச்சில், நகரில் உள்ள சுமார் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாகக் கர்நாடகத் துணை முதல்வர் டி.கே.சிவக்குமார் சொன்னார். அதே நேரத்தில்தான் வாகனம் கழுவுவது, தோட்டம், கட்டுமானம், அலங்கார நீரூற்று போன்றவற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை வந்தது. மீறினால் ₹5,000. திரும்பத் திரும்ப மீறினால் நாளுக்கு ₹500 கூடுதல். அந்த மாதமே 22 வீடுகளிடம் ₹1.1 லட்சம் வசூலிக்கப்பட்டது.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல் நீருக்கு வழி பிறந்தது. ஆனாலும் 2025 பிப்ரவரியில் அதே தடை மறுபடி வந்தது. அதாவது இது ஒரு வருஷத்து அவசர நிலை இல்லை. ஒவ்வொரு கோடையிலும் திரும்ப வரக்கூடிய விஷயம்.

ஒரு புல்வெளி எவ்வளவு குடிக்கும்?

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது 1 லிட்டர். தென்னிந்தியக் கோடையில் பச்சையாக இருக்கும் புல், நாளுக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீரை இழக்கும் என்று வைத்துக்கொள்வோம். வெயில், காற்று, மண், புல் ரகம் ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும்.

1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அப்படியென்றால் நாளுக்கு சுமார் 370 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். ஆக, சின்ன புல்வெளி ஒன்று கிட்டத்தட்ட மூன்று பேரின் தண்ணீரைக் குடிக்கிறது. மாதக் கணக்கில் பார்த்தால் சுமார் 11,000 லிட்டர். அதாவது, ஒரு 12,000 லிட்டர் டேங்கர் ஏறக்குறைய காலி.

2024 நெருக்கடியில் பெங்களூரு மாவட்ட நிர்வாகம் இந்த அளவு டேங்கருக்கு, 5 கி.மீ. தொலைவுக்குள், ₹1,000 என்று உச்சவரம்பு வைத்தது. பணமாகப் பார்த்தால் இது பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால், டேங்கரே கிடைக்காத வாரத்தில் அந்த ஒரு லோடின் மதிப்பு வேறு.

லாஸ் வேகாஸ் ஏன் வேறு வழியில் போனது?

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் பாலைவன நகரம். அதன் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு சுருங்கச் சுருங்க, அங்கே கேள்வியையே மாற்றினார்கள். 'யார் எப்போது தண்ணீர் ஊற்றுகிறார்கள்?' என்பதைவிட, 'இந்தப் புல் இங்கே எதுக்கு?' என்று கேட்டார்கள்.

2021-ல் நெவாடா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. யாரும் விளையாடாத, யாரும் உட்காராத, வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்கு 2027 ஜனவரி 1 முதல் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது. சாலை நடுத்திட்டு, வணிக வளாகம், அலுவலக முகப்பு, குடியிருப்புச் சங்கங்களின் பொது இடம் எல்லாம் இதில் அடங்கும். தனி வீட்டுப் புல்வெளிக்கும், விளையாட்டு மைதானத்துக்கும் இந்தத் தடை இல்லை. சட்டத்துக்கு முன்பிருந்தே, புல்லை எடுத்துவிட்டுக் குறைந்த நீர்ச் செடி வைப்பவர்களுக்கு அந்தப் பகுதியின் நீர் ஆணையம் பணமும் கொடுத்து வருகிறது.

இதன் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது. 2005-ல் வெளியான அந்த ஆய்வின்படி, லாஸ் வேகாஸில் புல்வெளி ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு 73 கேலன், அதாவது சுமார் 276 லிட்டர் குடித்தது. வறட்சி தாங்கும் செடிகள் வைத்த இடம் 17.2 கேலன், சுமார் 65 லிட்டர்தான் எடுத்துக்கொண்டது. கால் பங்கு கூட இல்லை. பாலைவன எண்கள் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால், விகிதம் சொல்லும் சேதி ஒன்றுதான்: தோட்டத்தின் தண்ணீர்ச் செலவில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது ஊற்றும் கை இல்லை, நடும் கை.

பெங்களூரு உத்தரவு தொடாமல் விட்ட இடமும் இதுதான். அபராதம் கோடையில் குழாயைப் பிடித்தவரைத் தண்டிக்கிறது. அந்தப் புல்வெளியை வரைபடத்தில் போட்டவரிடம் எதுவும் கேட்பதில்லை. மழை வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

'சுத்திகரிச்ச தண்ணிதானே ஊத்துறோம்?'

பெரிய குடியிருப்புகளில் இந்தப் பதில் உடனே வரும். சட்டப்படி சரிதான். தடை குடிநீருக்கு மட்டும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீரைத் தோட்டத்துக்குத் தாராளமாக விடலாம்.

ஆனால், அதே நீர் கழிவறை ஃப்ளஷுக்கும் போகலாம். ஃப்ளஷுக்கு இரண்டாவது குழாய் போட்ட கட்டடத்தில், புல்லுக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும் ஃப்ளஷுக்குக் கிடைக்காத ஒரு லிட்டர். அந்த இடத்தை நிரப்புவது டேங்கர் நீர். இன்னொன்று, சுத்திகரித்த நீரில் உப்பு கொஞ்சம் அதிகம். மழையில்லாத மாதங்களில் தொடர்ந்து விட்டால் அது மண்ணில் தங்கும். ஆக, சுத்திகரித்த நீர் நல்ல வழி. ஆனால் 'ஓசித் தண்ணீர்' இல்லை.

அப்போ எந்தச் செடி?

நீர்ச் சிக்கனத் தோட்டத்துக்கு 'ஜெரிஸ்கேப்' என்று பெயர். அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர்த் துறை 1981-ல் உருவாக்கிய சொல் இது. பெயர் புதுசாக இருந்தாலும், நம் ஊர் வறண்ட நிலச் செடிகளுக்கு இது பழக்கமான வாழ்க்கைதான்.

பூவுக்கு: காகிதப்பூ, ஆவாரை, நித்தியகல்யாணி, வாடாமல்லி, டேபிள் ரோஸ். காகிதப்பூவுக்குத் தண்ணீர் அதிகமானால் இலைதான் தழைக்கும், பூ குறையும். வறண்ட மேட்டிலும் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையைப் பொங்கல் காப்புக்குத் தேடுகிறோம். அபார்ட்மென்ட் வாசலில் வைக்கத்தான் யோசிக்கிறோம்.

இலை அழகுக்கு: சோற்றுக்கற்றாழை, மருள், அடீனியம். இவை இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும்.

நிழலுக்கு: வேம்பு, புங்கம், சரக்கொன்றை. வேர் பிடித்த பிறகு பெரும்பாலும் மழையை நம்பியே நிற்கும்.

புல்லுக்குப் பதில்: பொடுதலை போன்ற படர்செடி. கொஞ்சம் மிதிபட்டாலும் தாங்கும். குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்துக்கு மட்டும் புல்லை வைத்துக்கொண்டு, மீதி இடத்தை இதற்கு விடலாம்.

இரண்டு எச்சரிக்கை. நெடுஞ்சாலை நடுவில் செழிப்பாக நிற்கும் அரளி வறட்சியை நன்றாகத் தாங்கும், ஆனால் விஷம். நித்தியகல்யாணியும் சாப்பிடக் கூடாதது. சின்னக் குழந்தைகள், நாய், பூனை இருக்கும் இடத்தில் யோசித்து வைக்க வேண்டும். அடுத்தது, 'தண்ணியே வேண்டாம்' என்பது மட்டும் தகுதி ஆகாது. சீமைக் கருவேலமும் உன்னிச்செடியும் வறட்சியை அருமையாகத் தாங்கும். அதனால்தான் ஒன்று தமிழகக் கண்மாய்களையும், இன்னொன்று முதுமலை, பந்திப்பூர் காடுகளையும் பிடித்துக்கொண்டது.

வாழை, கல்வாழை, ஹெலிகோனியா, பெரணி எல்லாம் தாகம் அதிகமுள்ளவை. வைக்கவே கூடாது என்றில்லை. குளியல் நீரோ, கை கழுவும் நீரோ வடியும் இடத்தில் கல்வாழையை வைத்தால் அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது. முக்கியமான விதி: தாகம் அதிகமுள்ளவை ஒரு பக்கம், குறைவானவை ஒரு பக்கம். காகிதப்பூவும் பெரணியும் ஒரே பாத்தியில் இருந்தால், பெரணிக்காக எல்லாவற்றுக்கும் ஊற்ற வேண்டியிருக்கும்.

எப்போ நடணும்?

பலரும் தவறுவது இங்கேதான். ஏப்ரலில் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததும் புல்லைப் பிடுங்கிவிட்டு, அடுத்த நாளே நர்சரியிலிருந்து 'வறட்சி தாங்கும்' செடிகளைக் கொண்டுவந்து நடுவார்கள். பாதி பட்டுப்போகும். வறட்சியைத் தாங்குவது வேர் ஆழமாக இறங்கிய செடிதான், கவரில் இருக்கும் கன்று இல்லை. முதல் பருவத்தில் அதற்கும் ஒழுங்காகத் தண்ணீர் வேண்டும்.

எனவே பெங்களூருவில் ஜூன் முதல், சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் நடுவது நல்லது. அடுத்த கோடைக்கான முடிவை இந்த மழைக்காலத்தில் எடுக்க வேண்டும்.

இப்போவே வறட்சி என்றால்?

முதலில் மரத்தைக் காப்பாற்றுங்கள். புல் காய்ந்தால் மழையில் துளிர்க்கும், அல்லது ஒரு மாதத்தில் புதிதாகப் பதிக்கலாம். பதினைந்து வருஷ மரம் போனால் நிழலுக்கு இன்னொரு பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டும். புல்லுக்குப் பாய்ச்சிய நீரைக் குடித்தே பழகிய மரங்களும் உண்டு. புல்லை நிறுத்தினால் அவற்றுக்குத் தனியாக ஊற்ற வேண்டும். லாஸ் வேகாஸில் புல் எடுத்த சில இடங்களில் மரங்கள் வாடுவதாகப் புகார் எழுந்தது இதனால்தான்.

மூடாக்கு போடுங்கள். காய்ந்த இலை, தேங்காய் நார், கரும்புச் சக்கை, எது கிடைத்தாலும் சரி. இரண்டு, மூன்று அங்குலம் மண்ணை மூடினால் ஆவியாவது வெகுவாகக் குறையும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்கக் கூடாது. பெருக்கி எரிக்கும் சருகுதான் செடிக்குப் போர்வை.

தினம் கொஞ்சம் என்பதைவிட, சில நாளுக்கு ஒருமுறை ஆழமாக. மேலாக நனைத்தால் வேரும் மேலேயே நிற்கும். இரண்டாவது கணு வரை விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு விடுமுறை.

அதிகாலையில் ஊற்றுங்கள். நண்பகலில் பீய்ச்சினால் கணிசமான நீர் காற்றுக்குப் போய்விடும். ஸ்பிரிங்க்ளரைவிடச் சொட்டுநீர்க் குழாய் மேல்.

வாடகை வீடு, பால்கனி மட்டும்தான் என்றால்?

ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம்தான். உப்பு கிடையாது, செடிக்கு நேரடியாக ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு அதிகம். அரிசி, காய்கறி கழுவிய நீரோடு கலந்து, மாற்றி மாற்றி ஊற்றலாம். சோப்பு நீரைக் கீரைக்கும் புதினாவுக்கும் ஊற்ற வேண்டாம். சின்னத் தொட்டி சீக்கிரம் காயும். நாலு சின்னத் தொட்டிக்குப் பதில் ஒரு பெரிய தொட்டி வைத்தால் தண்ணீர் மிச்சம். மேற்கு வெயிலில் இருக்கும் தொட்டிகளைக் கோடையில் சுவரோரமாக, ஒன்றையொன்று ஒட்டி நகர்த்தி வையுங்கள்.

முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

2019-ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ரயில் ஒரு நடைக்குக் கொண்டுவந்தது சுமார் 25 லட்சம் லிட்டர். மேலே பார்த்த கணக்குப்படி, 1,000 சதுர அடிப் புல்வெளிகள் 225 இருந்தால் ஒரே மாதத்தில் காலியாகிவிடும் அளவு அது.

கேப் டவுனில் 2018 பிப்ரவரியில் ஒருவருக்கு நாளுக்கு 50 லிட்டர்தான் என்ற நிலை வந்தது. குழாய் நீர் தோட்டத்துக்குக் கிடையாது என்பது அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. எந்த ஊராக இருந்தாலும் நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவது தோட்டம்தான். அதில் தவறில்லை. அப்படி வெட்டினாலும் உயிரோடு இருக்கும் தோட்டமா நம்முடையது என்பதுதான் கேள்வி.

அதற்கான பதில் மார்ச் மாத அபராத நோட்டீஸில் கிடைக்காது. பில்டர் காட்டும் விளம்பரப் படத்தில் இருக்கும் பச்சைப் பரப்பிலும், அபார்ட்மென்ட் சங்கத்தின் லேண்ட்ஸ்கேப் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும்: நம்ம புல்வெளியில் கடைசியாக யார், எப்போ உட்கார்ந்தாங்க? பதில் 'யாருமே இல்லை' என்றால், அந்த இடத்தை ஆவாரைக்கும் கொன்றைக்கும் கொடுக்க வரும் மழைக்காலமே சரியான நேரம்.