காயத்துக்குப் பின் வரும் ஆண்டுகள்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7ஆம் தேதி, சிவப்பும் கருநீலமும் வெளிர்நீலமுமான சிறு கொடியொன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு, உண்டியலில் கைக்கு வந்த நாணயத்தை இட்டுவிட்டு வகுப்புக்கோ அலுவலுக்கோ விரையும் வழக்கம், 1949ஆம் ஆண்டில் படைவீரர் கொடிநாள் ஏற்படுத்தப்பட்ட காலந்தொட்டு நம்மிடையே இருந்துவருகிறது. நல்ல வழக்கம், அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும், யுத்தகளத்தில் அங்கஹீனமுற்ற ஒருவருடைய தேவை வருஷத்தில் ஒரு நாள் தலைகாட்டி மறையும் தேவை அன்று என்பதையும், அவருக்காக உழைக்கும் தரும ஸ்தாபனங்களை நாம் ஆதரிக்கும் முறையும் அதற்கேற்ப மாறவேண்டும் என்பதையும் வற்புறுத்தவே இதை எழுதுகிறேன்.

புனேயை அடுத்த கட்கியில், முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழேயோ, கழுத்துக்குக் கீழே முழுவதுமோ செயலற்றுப்போன படைவீரர்களுக்காக 1974 முதல் ஒரு மறுவாழ்வு நிலையம் நடந்துவருகிறது. உணர்ச்சி இழந்த உடல், தான் நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடப்பதை அறியாது. ஆகையால் பகலில் மட்டுமன்றி நள்ளிரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை யாராவது வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் கண்டு, எலும்பு வரை அரித்து, உயிருக்கே உலைவைத்துவிடும். சிறுநீருக்குக் குழாய் வைத்தால் அதன் சுத்தத்தில் ஒரு நாள் அசிரத்தை போதும், ஜுரம் கண்டுவிடும். அது அடிக்கடி நேர்ந்தால் சிறுநீரகம் கெடும். இவை பதக்கம் அணிவிக்கும் மேடையில் பேசப்படும் விஷயங்கள் அல்ல. இருபத்திரண்டு வயதில் குண்டடிபட்டவர் எழுபது வயது வரை ஜீவித்திருப்பாரானால், அந்த நாற்பத்தெட்டு வருஷங்களிலும் இரவுதோறும் அவரைப் புரட்டிவிட ஒரு ஜோடிக் கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்குச் சம்பளம் வேண்டும்.

“இதெல்லாம் சர்க்காரின் கடமை அல்லவா, நாம் ஏன் கொடுக்கவேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஊனமுற்ற வீரருக்குரிய ஓய்வூதியம் தேசம் அவருக்குப் பட்ட கடன். அதை எந்தத் தருமமும் ஈடுசெய்ய முடியாது, ஈடுசெய்யவும் கூடாது. சேவையில் சேரும்போது தேக ஆரோக்கியத்துடன் இருந்தவராகப் பதிவான சிப்பாய்க்குப் பின்னர் ஊனம் நேர்ந்து, அதன் காரணமாக அவர் விடுவிக்கப்பட்டால், அது சேவையினால் விளைந்ததென்றே கொள்ளவேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதன்று என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அப்படியொரு தீர்ப்பைப் பெற ஒரு சிப்பாய் உச்ச நீதிமன்றத்தின் படி வரை ஏறவேண்டியிருந்தது என்பதே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. ஆனால் ஓய்வூதியம் மாதந்தோறும் தவறாது வந்து சேர்ந்த பிறகும், செயலற்ற கால்களோடு கிடப்பவருக்குக் காலை எழுந்ததும் செய்ய ஒரு வேலையையும், பேச ஒரு தோழரையும், தன்னாலும் ஒன்று ஆகும் என்ற நம்பிக்கையையும் அந்தப் பணம் கொண்டுவந்து கொடுப்பதில்லை.

முரளிகாந்த் பேட்கர் என்ற வீரரின் சரித்திரம் இதற்குத் தக்க சாட்சி. ராணுவத்தின் இயந்திரப் பொறியியல் பிரிவில் பணிபுரிந்த குத்துச்சண்டைக்காரரான அவர், 1965 இந்திய-பாகிஸ்தான் யுத்தத்தில் பல குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சிகிச்சையின் ஓர் அங்கமாக நீரில் இறக்கப்பட்ட அந்த மனிதர், 1972இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடியில் கடந்து, பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தங்கப்பதக்கத்தைப் பெற்றுத்தந்தார். அவரைப் போன்றவர்களை அயல்நாட்டுப் பந்தயங்களுக்கு அனுப்பிவைக்கத் துணைநின்றது, கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்ட் முன்னின்று நடத்திய ஒரு தொண்டு அமைப்பு. பத்மஸ்ரீ விருது பேட்கரைத் தேடிவந்ததோ 2018இல், நாற்பத்தாறு வருஷங்களுக்குப் பிறகு. சர்க்காரின் அங்கீகாரம் வரும்வரை காத்திராமல், வேண்டிய சந்தர்ப்பத்தில் வேண்டிய செலவைச் செய்ய யாரோ சிலர் முன்வந்ததே அந்தப் பதக்கத்தின் பின்னால் இருந்த உபகாரம்.

இவ்வித முயற்சி நம் தேசத்தில் புதிதன்று. முதல் உலக யுத்தத்தில் கைகால் இழந்து திரும்பிய இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்பிக்கவென்று, பம்பாய் கவர்னரின் மனைவி லேடி வில்லிங்டன் 1917இல் தொடங்கிய குவீன் மேரி தொழிற்கல்விக்கூடம் இன்றும் அதே கட்கியில் நடக்கிறது. ஒரு யுத்தத்தின் சூடு ஆறியபின்னும் நூறு வருஷங்களைக் கடந்து ஒரு ஸ்தாபனம் நிலைக்கிறதென்றால், பத்திரிகையில் வீரச்செயல் வெளியான வாரத்தில் வந்து குவிந்த நன்கொடையால் அது நிலைத்திருக்க முடியாது. செய்தி ஏதும் இல்லாத வருஷங்களிலும் கொடுத்துவந்தவர்களால்தான் நிலைத்திருக்க முடியும்.

ஆகவே கொடுக்க விரும்புகிறவர்கள், பெருந்தொகையை ஒருமுறை கொடுத்து ஓய்வதைவிடச் சிறுதொகையை மாதந்தோறும் கொடுப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். கட்டடத்துக்குக் கொடுப்பதைக் காட்டிலும் உதவியாளர் சம்பளத்துக்கும், சக்கர நாற்காலிக்கும், மெத்தைக்கும், குழாய்க்கும் கொடுப்பது மேல். படைவீரர் பெயரைச் சொன்னாலே நம் மனம் இளகிவிடும் என்பதை அறிந்து வசூலுக்கு வருகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் பதிவுச் சான்றையும், தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும், சென்ற வருஷம் எத்தனை வீரர்களுக்கு என்ன செய்தார்கள் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். நேர்மையான ஸ்தாபனம் இந்தக் கேள்விக்கு ஒருபோதும் முகம் சுளிக்காது. நாம் கொடியைக் குத்திக்கொண்டு கொடுக்கும் கொடிநாள் நிதியிலிருந்து கட்கி நிலையத்துக்கும், மொஹாலியில் உள்ள அதையொத்த நிலையத்துக்கும் உதவி செல்கிறது. அந்த நிதிக்கு டிசம்பர் மாதத்தில்தான் பணம் செலுத்தவேண்டும் என்ற நியதி ஏதுமில்லை. அந்தந்த மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால், சொந்த ஊரிலேயே ஊனமுற்று வீட்டோடு இருக்கும் வீரருக்கு எவ்விதத்தில் உதவலாம் என்பதையும் கேட்டறியலாம்.